ஒன்றும் செய்யாமல் வைத்த பேட்டரி

நான் நாலாம் கிளாஸோடு படிப்பை நிறுத்தியவள். என் எழுத்து கோணலாக இருக்கும். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறொன்றில் போய் நிற்பேன். பல விஷயங்கள் மறந்தும் போய்விட்டன. ஒர்க்ஷாப் பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, மோட்டார்சைக்கிள் பேட்டரி பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதித் தரச் சொன்னபோது கதவுக்குப் பின்னால் நின்றபடியே முடியாது என்று சொல்லிவிட்டேன். ஆட்கள் முகத்தைப் பார்த்துப் பேச இந்த வயதிலும் எனக்குக் கூச்சம்தான். அவர்கள் போன பிறகு, காகிதம் முகத்தைப் பார்க்காது அல்லவா என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணனுக்குச் சாலை என்கிற கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை. பின்பக்கம் மோட்டார்சைக்கிள் ரிப்பேர் செய்யும் ஒர்க்ஷாப்பும் அதை ஒட்டி பேட்டரி சார்ஜ் செய்யும் சின்ன அறையும் இருந்தன. என் வீட்டுக்காரர் காலமான பிறகு நான் அண்ணனோடுதான் இருந்தேன். யுத்தம் வந்து, சார்ஜ் ரூமைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் பட்டாளத்துக்குப் போய்விட்டான். “சும்மாதானே இருக்க, ஒரு கண்ணு அங்க வச்சுக்க” என்று அண்ணன் சொன்னான். அப்படித்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். வெளியாட்கள் கண்ணில் படாமல் இருக்க ஒர்க்ஷாப்புக்கும் எனக்கும் நடுவே சாக்குத் துணியில் ஒரு திரை கட்டித் தந்தார்கள். பல வருஷம் அந்தச் சாக்குக்குப் பின்னால்தான் என் உலகம்.

இப்போது நினைத்தாலும் அந்த அறையின் வாசனை மூக்கில் வருகிறது. முன்பக்கம் தெருவிலிருந்து வற்றல் மிளகாயும் கருப்பட்டியும் மணக்கும். சாக்கைத் தள்ளி உள்ளே வந்தால் ஆசிட் நெடி. சார்ஜ் ஏறும்போது பேட்டரிக்குள்ளே ஒரு சத்தம் கேட்கும். வெயிலில் காய்ந்த மண்ணில் தண்ணீர் தெளித்தால் வருமே, அந்த மாதிரி மெல்லிய சத்தம். எந்தப் பேட்டரி நிறைந்துவிட்டது, எது இன்னும் பசியோடு இருக்கிறது என்று காதை வைத்தே சொல்லிவிடுவேன். என் புடவைகளெல்லாம் ஆசிட் தெறித்து ஓட்டை ஓட்டையாக இருக்கும். கோயிலுக்குப் போக ஒரு புடவையை மட்டும் அந்தப் பக்கமே கொண்டுவராமல் பெட்டியில் வைத்திருந்தேன்.

ஒர்க்ஷாப் வேலை முழுவதும் ஆசானுடையது. வேலை தெரிந்த தலைமை ஆளை இங்கே ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பெயரை நான் சொன்னதும் இல்லை, இப்போது எழுதவும் மனம் வரவில்லை. ஆசான் என்றாலும் வயதில் என்னைவிட இளையவர். நெய்யாற்றின்கரைப் பக்கம். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். என்னை அக்கா என்பார். அவர் சம்பளத்தை நம்பி ஊரில் ஒரு குடும்பம் இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நாங்கள் முகம் பார்த்துப் பேசியது குறைவு, ஆனால் நாள் முழுக்கப் பேசுவோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வலியசாலையிலிருந்து ஒரு கம்பவுண்டர் எங்களிடம் வருவார். ஐயர். அண்ணன் அவரைச் சாமி என்பான், அவர் அண்ணனைப் பிள்ளைவாள் என்பார். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கூலிக்காரர்களுக்கு மருந்து கொடுக்கிற வேலை அவருக்கு. சனிக்கிழமை காலையில் மோட்டார்சைக்கிளில் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலை ஏறுவார். ஞாயிற்றுக்கிழமை இருட்டுகிற நேரத்தில் இறங்கி வருவார். பெட்ரோல் கிடைக்காத காலத்திலும் மருந்து வேலை என்பதால் அவருக்குக் கிடைத்தது.

அந்தக் காலத்து வண்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. எஞ்சின் ஓடப் பேட்டரி வேண்டாம். மேக்னெட்டோ தனியாகப் பொறி கொடுத்துவிடும். பேட்டரி விளக்குக்கும் ஹாரனுக்கும் மட்டும்தான். ஆகையால் பேட்டரி செத்தாலும் பகலில் தெரியாது. இருட்டில் வேகமாகப் போனால் டைனமோ தருகிற கரண்டில் விளக்கு எரியும். வேகம் குறைத்தால் பேட்டரிதான் தாங்க வேண்டும். மலையில் இறங்குகிறவன் எங்கே வேகம் குறைப்பான்? வளைவில். விளக்கு எங்கே மிக அவசியம்? அதே வளைவில்.

கம்பவுண்டருக்கு அதுதான் நடந்துகொண்டிருந்தது. மலையடிவாரத்து விதுரைக்கு மேலே ஒவ்வொரு வளைவிலும் விளக்கு அணைந்து அணைந்து வந்தது. முதல் தடவை வந்தபோது ஆசான் டைனமோவைத் திறந்து கார்பன் பிரஷ்ஷைச் சுத்தம் செய்தார். பேட்டரியை நான் சார்ஜ் போட்டேன். அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் அதே குறை. டைனமோவையும் பேட்டரியையும் இணைத்துப் பிரிக்கிற சின்னக் கருவிக்குக் கட்அவுட் என்று பெயர். ஆசான் கட்‌அவுட்டைச் சரி செய்து வயரையும் மாற்றினார். வண்டியை ஓடவிட்டால் மீட்டரில் முள் சார்ஜ் பக்கம் ஜோராக ஏறி நின்றது. நான் மறுபடி சார்ஜ் போட்டேன், அவர் மறுபடி அன்றைக்கே எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் தடவை கையில் கட்டோடு வந்தார். வளைவில் விளக்கு போய், வண்டி பாறையில் உரசிச் சாய்ந்திருக்கிறது.

“பிள்ளைவாள், கொஞ்சம் அந்தண்டை விழுந்திருந்தேனானா இப்போ உம்மோட பேசிண்டிருக்க மாட்டேன், கேட்டேளா?” என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. அதுதான் அண்ணனைத் தைத்தது.

அண்ணன் ஆசானைப் பார்த்துக் கத்தினான். “ரெண்டு தடவ பாத்தாச்சு ஓய். இன்னும் ஒருக்க இந்த வண்டி வெளக்கில்லாம திரும்பி வந்துதுன்னா நீரு வேற கட பாத்துக்கிடும். சாமி விட்டாலும் சாலைக்காரன் விடமாட்டான். என் பேரு நாறிப் போவும்.”

திரைக்குப் பின்னால் நான் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆசான் போனால் வேறு ஆள் வருவான். எவனோ ஒருவனோடு அந்த அறையில் என்னை இருக்கவிட மாட்டார்கள். பேட்டரியின் சத்தம் கேட்காமல் அடுக்களைப் புகையில் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆசான் வண்டியிலிருந்து பேட்டரியைக் கழற்றினார். பிறகு, “சாமி, வண்டியயும் பேட்டரியயும் இங்க விட்டுட்டுப் போங்க. சனியாழ்ச காலத்த எடுத்தா மதி” என்றார். சனிக்கிழமை காலையில் எடுத்தால் போதும் என்று அர்த்தம்.

“அதுவரைக்கும் அதை வச்சுண்டு என்ன பண்ணப் போறேள்?”

“ஒண்ணும் பண்ண மாட்டேன்.”

அண்ணன் சிரித்துவிட்டான். “ஒண்ணும் பண்ணாம இருக்கதுக்கா நான் சம்பளம் தாறேன்?”

“இது வரைக்கும் பண்ணதுக்கு ஏச்சுதானே கிட்டிச்சு, மொதலாளி. பண்ணாமலும் ஒருக்க நோக்குவோம்.”

அந்தப் பேட்டரியை நான் முழுக்க சார்ஜ் ஏற்றினேன். பிறகு எல்லா வயரையும் கழற்றி, துடைத்து, ஒரு மரப்பலகையில் தனியாக வைத்தோம். அதற்கு வண்டி இல்லை, டைனமோ இல்லை, விளக்கு இல்லை. அது எதையும் தொடவில்லை, எதுவும் அதைத் தொடவில்லை.

பிள்ளைகளே, எழுதுவதற்கு இது சுலபமாக இருக்கிறது. அந்த நாட்களை நான் பார்த்தேன். அண்ணன் போகும்போதும் வரும்போதும், “என்ன ஓய், உம்ம பிள்ள நல்லா ஒறங்குதா?” என்று கேட்பான். “டைனமோவ இன்னொருக்கத் தெறந்து பாக்கக் கூடாதா? புது பிரஷ்ஷு போட்டா என்ன?” என்பான். ஒரு தடவை ஆசானுக்கே தாங்காமல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போய்விட்டார். நான் சாக்கின் கிழிசல் வழியாகப் பார்த்தேன். டைனமோ மேல் ஸ்பானரை வைத்தார். அப்படியே நின்றார். திரும்ப எடுத்துக் கீழே வைத்தார்.

“ஏன் ஆசான்?” என்று கேட்டேன்.

“தெறந்தா எனக்குச் சமாதானம் கிட்டும் அக்கா. வண்டிக்கு ஒண்ணும் கிட்டாது.”

நெருக்கடியில் கை சும்மா இருக்காது. எதையாவது திறக்கச் சொல்லும். முன்பே திறந்து பார்த்து நன்றாக இருந்ததை மறுபடி திறப்பது பயத்தினால்தான். அதை அன்று நான் கண்ணால் கண்டேன்.

வியாழக்கிழமை காலையில் ஆசிட் பார்க்கிற கண்ணாடிக் குழாயை எடுத்து ஒவ்வொரு அறையாக உறிஞ்சிப் பார்த்தேன். அந்தப் பேட்டரிக்கு மூன்று அறை. சார்ஜ் இருந்தால் குழாய்க்குள் மிதவை தலையை நீட்டி நிற்கும். முதல் அறையில் மிதவை முங்கிப் போயிருந்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதிலும்.

“ஆசான், மூணும் எறங்கிருக்கு” என்றேன்.

“ஒரே போலவா?”

“ஒரே போலத்தான்.”

அந்தப் பக்கம் அவர் பெரிதாக மூச்சு விட்டது கேட்டது. “அப்பம் வண்டி மேல குத்தமில்ல. யாரும் தொடாம இது தன்னத்தானே தின்னுட்டு இருக்கு. ஒரு அற மட்டும் எறங்கினா தகடு கெட்டுதுன்னு வைக்கலாம். மூணும் ஒண்ணா எறங்கணும்னா மூணுக்கும் பொதுவா உள்ள போனது எது?”

“தண்ணிதான்” என்றேன். சொல்லும்போதே இன்னொன்று ஞாபகம் வந்தது. “ஆசான், மத்த வண்டி பேட்டரியெல்லாம் வறண்டு வரும். நான் ஊத்துவேன். சாமி பேட்டரிக்கு மட்டும் நான் ஒரு தடவகூட ஊத்துனதில்ல. எப்பவும் கழுத்து வர நெறஞ்சுதான் வரும்.”

கம்பவுண்டரிடம் ஆள் அனுப்பிக் கேட்டோம். அவரே நேரில் வந்து சொன்னார்: “அத்தைதான் விடறா. வாராவாரம் நான் கிளம்பறதுக்கு முன்னாடி. நீங்கதானே மழை ஜலம் போரும்னேள்?”

அது உண்மை. மருந்துக் கடையில் வாங்குகிற, காய்ச்சி வடித்த வாலைத் தண்ணீருக்கு அப்போது பெரிய தட்டுப்பாடு. வானத்திலிருந்து நேராகப் பிடிக்கிற மழைத்தண்ணீர் போதும், ஓட்டில் வழிகிறது வேண்டாம் என்று ஆசான் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். நானும் கடையில் அதைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் பேட்டரிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே தண்ணீர் என்று கண்டுபிடித்தும் விஷயம் முடியவில்லை.

கம்பவுண்டர் போன பிறகு ஆசான் சொன்னார். “அக்கா, அங்க போய் ஒருக்க கண்டுட்டு வரணும். நான் போனா வாசல்ல நிறுத்திருவாங்க. நீங்க பெண்ணாள்.”

தெரியாத வீட்டுக்குத் தனியாகப் போவது எனக்குச் சாவுக்குச் சமம். ஆனாலும் பெட்டியிலிருந்த ஓட்டையில்லாத புடவையைக் கட்டிக்கொண்டு, குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு போனேன்.

அத்தை என்றால் கம்பவுண்டரின் அப்பாவுக்கு அக்கா. தாயில்லாத அவரை வளர்த்தவர். ஒல்லியான உருவம், காவிப் புடவை, மொட்டைத் தலையில் முக்காடு.

“யாரு, பேட்டரிக் கடைப் பொண்ணா? வாம்மா. அங்கேயே நில்லு, நான் மடி. ஏன், வண்டிக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல மாமி. நீங்க எப்படித் தண்ணி ஊத்துறீங்கன்னு பாக்க வந்தேன்.”

அவருக்கு ஒரே சந்தோஷம். அவர் செய்வதைப் பார்க்க அதுவரை யாரும் வந்திருக்க மாட்டார்கள் போல. “நீயே பாரு. நான் என்னமோ ஏனோதானோன்னு விடறேன்னு அவனுக்கு நினைப்பு” என்று முற்றத்தைக் காட்டினார். நடுமுற்றத்தில், வானம் பார்க்க, ஒரு செம்புத் தவலை இருந்தது. பளபளவென்று மின்னியது.

“மழை வரும்போலத் தோணித்துன்னா புளி போட்டுத் தேய்ச்சு வச்சுடுவேன். பெருமாளுக்கு அபிஷேகத்துக்குப் பிடிக்கற தவலை இது. இதுல பிடிச்சா எத்தனை நாளானாலும் புழு வைக்காது, கேட்டியா. குழந்தை இருட்டிலே மலை இறங்கறான். அவன் விளக்குக்குப் போற ஜலம் ஆச்சே.”

நான் எட்டிப் பார்த்தேன். வயிற்றுப் பக்கம் மின்னிய தவலைக்கு உள்ளே, தண்ணீர் நிற்கிற மட்டத்தில் வளையமாகப் பச்சைக் களிம்பு. அந்தப் பச்சை எனக்கு நன்றாகத் தெரியும். ஆசிட் பட்ட செப்பு வயரின் முனையில் பூக்குமே, தினமும் நான் சுரண்டி எறிகிறேனே, அதே பச்சை.

அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏம்மா, நான் குறைச்சலா விடறேனா? இன்னும் கொஞ்சம் விடணுமா?”

“போதும் மாமி” என்று மட்டும் சொன்னேன். ஆசானுக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு குப்பி தண்ணீர் கேட்டேன். கை படாமல் மேலிருந்து ஊற்றிக் கொடுத்தார்.

ஆசான் அந்தத் தண்ணீரில் சில சொட்டு ஆசிட் விட்டு, தேய்த்து வெளுப்பாக்கிய ஓர் இரும்பு ஆணியை அதில் போட்டு வைத்தார். மறுநாள் ஆணியை எடுத்தபோது அதன் மேல் லேசாகச் செம்புச் சிவப்புப் படிந்திருந்தது. எங்கள் கடைத் தண்ணீரில் போட்ட ஆணி அப்படி ஆகவில்லை.

“செம்பு உள்ள போயிருக்கு. அதுதான் சார்ஜத் தின்னுது” என்றார் ஆசான். கண்டுபிடித்த சந்தோஷம் அவர் முகத்தில் இல்லை.

சனிக்கிழமை காலையில் கம்பவுண்டர் மருந்துப் பெட்டியோடு வந்து நின்றார். அதற்கு முன்பே அண்ணன் விஷயம் கேட்டுத் தெரிந்துகொண்டு மனம் குளிர்ந்து போயிருந்தான். “பொழச்சீரு ஓய். குத்தம் அவுக வீட்டுதுன்னு ஒரே வார்த்த சொல்லிரும், முடிஞ்சு போச்சு” என்று ஆசான் காதில் சொன்னது எனக்கே கேட்டது.

கம்பவுண்டர் கேட்டார்: “என்ன கண்டுபிடிச்சேள்? அத்தை ஜலத்துலதான் கோளாறா? எனக்கு அப்பவே தோணித்து. வண்டி கிட்ட வராதேன்னு எத்தனை தடவை சொல்லிருக்கேன்! இன்னிக்கு ஆத்துக்குப் போய் ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்.”

அந்த வீட்டு முற்றமும், “இன்னும் கொஞ்சம் விடணுமா” என்ற கேள்வியும் என் கண்முன் வந்தன. ஆசான் அங்கே போனவர் இல்லை. இருந்தும் அவர் சொன்னார்:

“சாமி, மாமியக் கொற சொல்லாதீங்க. மழத்தண்ணி மதின்னு சொன்னது நான். எந்தப் பாத்திரத்துல பிடிக்கணும்னு சொன்னேனா? சொல்லல. எங்க வீட்டுல மண்கலத்த விட்டா வேற இல்ல. எல்லா வீட்டுலயும் மண்கலம்தான்னு நெனச்சுப்போட்டேன். செம்புல பிடிப்பாங்கன்னு எனக்குத் தோணல. கொற என்னோடதுதான்.”

தப்பிக்கக் கொடுத்த வழியை அவரே அடைத்துவிட்டாரே என்று அண்ணன் முறைத்தான். “அப்பம் சாமி கை ஒடியப் பாத்தது உம்மாலயா?” என்றான். அடுத்து என்ன சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரியும்.

எப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சாக்கைத் தள்ளிக்கொண்டு ஒர்க்ஷாப்புக்குள் வந்து நின்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஓட்டைப் புடவை வேறு.

“அண்ணே, ஆசான் போனா நாளையிலேருந்து நானும் வரமாட்டேன்” என்றேன். தரையைப் பார்த்துத்தான் சொன்னேன். ஆனால் சொன்னேன்.

அண்ணன் என்னைப் பார்த்தான், ஆசானைப் பார்த்தான். “இப்பம் யாரு யாரப் போகச் சொன்னா? சாமிக்கு நேரமாவுது. ஆசிட்ட மாத்துங்க, நிக்காதீங்க” என்று கத்திவிட்டு முன்பக்கம் போய்விட்டான்.

பழைய ஆசிட்டைக் கொட்டி, மிச்சமிருந்த வாலைத் தண்ணீரால் பலமுறை அலசி, புது ஆசிட் ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் ஏற்றினோம். அவர் கிளம்பும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஆசான் அவரிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். “மாமிகிட்ட, கெட்டுப்போச்சுன்னு சொல்லாண்டாம். இனி ஜாடில பிடிக்கணும்னு மட்டும் சொல்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ஆனாலும் பொழுது சாயும்போது ஆசான் ஏதோ மறந்துவிட்டேன் என்று வந்தார். அண்ணன் பூட்டைச் சரிபார்க்க வந்தான். நான் சும்மா வந்தேன். யாரும் எதற்கு என்று கேட்டுக்கொள்ளவில்லை. நன்றாக இருட்டிய பிறகு கிழக்கே வண்டிச் சத்தம் கேட்டது. கடைத்தெரு மூலையில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே நின்றது. கம்பவுண்டர் வேகத்தைக் குறைத்தார், எஞ்சின் சத்தம் அடங்கியது. விளக்கு மட்டும் அசையாமல் எரிந்தது. அண்ணன் மூக்கைச் சிந்திக்கொண்டு, “ஓய் ஆசானே, ஒண்ணும் பண்ணாம இருக்கதுக்கும் சம்பளம் தரணும் போலிருக்கே” என்றான். ஆசான் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, நடுவில் சாக்கு இல்லாததால்.

பிள்ளைகளே, அந்தப் பேட்டரி பழையபடி முழுசாக ஆகவில்லை. ஆனாலும் வேறு வாங்கக் கிடைக்கும்வரை தாங்கியது. டைனமோ, வயர், பேட்டரி எல்லாம் பார்த்த பிறகும் குறை தீராவிட்டால், வண்டி ராத்திரி எங்கே நிற்கிறது, அதை யார் தொடுகிறார்கள், எந்த எண்ணத்தோடு தொடுகிறார்கள் என்று கேளுங்கள். ஒருவருக்கு ஒன்று சொல்லி அனுப்பும்போது உங்கள் வீட்டு அடுக்களையை மனதில் வைத்துச் சொல்லாதீர்கள், அவர்கள் வீட்டில் என்ன பாத்திரம் இருக்கிறது என்று நினைத்துச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் கம்பவுண்டர் வண்டியில் கட்டி ஒரு பெரிய பீங்கான் ஜாடி கொண்டுவந்தார். கழுத்து வரை மழைத்தண்ணீர். “நேத்து வரைக்கும் இதுல கடுமாங்காய் ஊறுகா இருந்தது. அத்தை தெரு பூரா குடுத்துத் தீர்த்துட்டா. மலை இறங்கறவா எல்லாருக்கும் விடச் சொன்னா” என்றார். கடைக்குப் போன ஜாடி இனி அடுக்களைக்கு ஆகாதாம், திருப்பித் தர வேண்டாம் என்றும் அத்தை சொல்லி அனுப்பியிருந்தார். யுத்தம் முடியும்வரை எங்கள் சார்ஜ் ரூமில் அந்த ஜாடித் தண்ணீர்தான்.

எனக்கு ஒரு சந்தேகம் இன்னும் தீரவில்லை. பேட்டரியைக் கெடுத்தது செம்பு மட்டும்தானா, தேய்த்த புளியும் சேர்ந்தா? ஆசான் செம்பு என்றுதான் சொன்னார், ஆனால் அவரும் என்னைப் போலப் பள்ளிக்கூடம் அதிகம் போனவர் இல்லை. ஆணி சிவந்ததும் செம்பினால்தானா? கட்‌அவுட்டைச் சரி செய்தது முதல் தடவையா இரண்டாம் தடவையா என்பதிலும் எனக்குக் குழப்பம் உண்டு. படித்த பிள்ளைகள் யாராவது சரிபார்த்து, தப்பாக எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள். சோதித்துப் பார்க்க மழைத்தண்ணீர் வேண்டுமானால் என் வீட்டுக்கு வாருங்கள். அந்த ஜாடி இப்போதும் முற்றத்தில் வானம் பார்க்கத்தான் இருக்கிறது. நான் கதவுக்குப் பின்னால் நின்றாலும் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம்.